கரம்பை அடித்த காடு

எங்கள் அக்காவுக்கு ஆண்டிபட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் நாலு ஏக்கர் காடு இருந்தது. காடு என்று எங்கள் பக்கம் சொல்வது மானாவாரி நிலத்தை. மரம் என்று சொல்ல வரப்போரம் இரண்டு உடைமரம் மட்டும் நின்றது. செம்மண். முழங்கை ஆழம் தோண்டினால் சரளை, அதற்குக் கீழே சுக்கான் பாறை. மழை பெய்த வருடம் சோளமும் மொச்சையும் விளையும். பெய்யாத வருடம் அக்கா காட்டுப் பக்கமே போகமாட்டாள்.

அந்த நாலு ஏக்கரை வாங்கியவர் எங்கள் அப்பா. அப்பாவும் அம்மாவும் மலைக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். நானும் அக்காவும் பிறந்தது தோட்டத்து லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. அங்கே வருடத்தில் பாதி நாள் துணி காயாது. ஈர விறகு எரியாமல் புகையும். காலில் அட்டை ஏறியிருப்பது வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் தெரியும். அப்பா கீழே இறங்கி நிலம் வாங்கியபோது அது நல்ல மண்ணா என்று பார்க்கவில்லை. காய்ந்த மண்ணாக இருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது காட்டை அவள் பெயருக்கு எழுதிவைத்தார். எனக்குக் கொடுத்தது படிப்பு.

"ஏலே, இனி நான் மலையேற மாட்டேன். செத்தாலும் இங்கன காஞ்ச மண்ணுலதான்" என்று அக்கா சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் மழைக்காலத்தில் மேற்கே மலை மேல் மேகம் இறங்கி நிற்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆற்றுத் தண்ணீரில் ஒரு பங்கைத் திருப்பி மேட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் கால்வாய்த் திட்டம் ஒன்று பேச்சிலிருந்து தாளுக்கு வந்தது. தண்ணீர் எல்லா ஊர்களுக்கும் எட்டாது. எந்த ஊரைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை மண் வரைபடத்தை வைத்து முடிவு செய்வதாக இருந்தது. அக்காவின் ஊர் திட்டத்தின் விளிம்பில் இருந்தது. சேர்க்கவும் செய்யலாம், விடவும் செய்யலாம். அப்போது அந்தப் பக்கம் தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்திருந்தது. கிணற்றில் ஊறும் தண்ணீர் மாடுகளுக்கே போதவில்லை.

"கால்வாய் வரும்னா இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துருவோம் மாப்ள. வராதுன்னா மாட்ட வித்துட்டுத் தோட்டத்துக்குப் போறதத் தவிர வேற போக்கு இல்ல" என்று அக்காவின் கணவர், மச்சான், என்னிடம் சொன்னார். அக்கா அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அந்த மண் வரைபடத்தைத் தயாரித்த அலுவலகத்தில்தான் நான் வேலை பார்த்தேன்.

அலுவலகம் தேனியில் ஒரு பருத்திக் கமிஷன் கடையின் மாடியில் இருந்தது. பஞ்சுத் தூசி படிக்கட்டு வழியாக மேலே வந்து மேசைகளில் படியும். நான் பழனிசெட்டிபட்டியிலிருந்து சைக்கிளில் வந்து, முதல் வேலையாக என் மேசையைத் துடைப்பேன். எங்கள் தொழில் குழி வெட்டுவது. ஆள் இறங்கி நிற்கும் அளவு குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவி, மண் எத்தனை அடுக்காக இருக்கிறது, ஒவ்வோர் அடுக்கும் என்ன நிறம் என்று நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஈரமாக்கி விரலில் உருட்டிப் பார்ப்போம். ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்போம். பிறகு அடுக்குக்கு ஒரு பை, பைக்கு ஒரு சீட்டு. ஒரு தாலுகாவை இப்படி முடிக்க வருடங்கள் ஆகும். கால்வாய்க்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அதனால் எங்களுக்குப் புது முறை வந்தது. கூடவே நகரத்திலிருந்து ஓர் இளம் அதிகாரியும் வந்தார். செயற்கைக்கோள் எடுத்த படத்தை வைத்துக் கணினியே மண்ணைப் பிரித்துக் காட்டிவிடும் என்றார். படம் என்றால் போட்டோ போன்றது அல்ல. ஏறக்குறைய ஒவ்வோர் ஏக்கருக்கும் நாலு எண்கள். அந்தத் துண்டு நிலம் எந்த ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு. அந்த எண்களுக்குத் தானாக அர்த்தம் கிடையாது. கணினிக்கு முதலில் பாடம் எடுக்க வேண்டும். இந்த இடம் செம்மண், இது வண்டல், இது கரிசல் என்று நன்றாகத் தெரிந்த சில இடங்களை நாம் காட்டினால், அவற்றின் எண்களைப் பழகிக்கொண்டு மற்ற நிலமெல்லாம் எதைப் போல இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

மாதிரி இடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. உத்தமபாளையத்துக்குக் கீழே ஆற்றோர வண்டலையும், கோம்பையில் மலையடிவாரச் செம்மண்ணையும், ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள கரிசலையும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் இடத்திலும் குழி வெட்டி உறுதிசெய்த பிறகுதான் வரைபடத்தில் குறித்தேன். அந்த மாதிரிகளில் பிழை இல்லை. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் பின்னும் அவற்றை மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் நானும் அதிகாரியும் அக்காவின் ஊருக்கு ஜீப்பில் போனோம். சாலை வளைவு, பாலம், கண்மாய்க்கரை போன்ற அடையாளங்களைக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தோம். மச்சானும் வந்தார். அதிகாரி நன்றாகப் பழகுகிறவர். யார் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார்.

"ஏஞ்சார், மேல இருந்து போட்டோ புடிக்கிறாகளாமே, நெசமா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"ஆமாங்க. செயற்கைக்கோள்ல இருந்து."

"எங்க மூஞ்சியெல்லாம் தெரியுமா?"

"மூஞ்சி தெரியாது. மண்ணு தெரியும்."

"எங்க மூஞ்சியப் பாத்தீகள்ல? ரெண்டும் ஒண்ணுதான்."

கடை முழுவதும் சிரித்தது. மச்சான் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மண்ணப் பாத்துத்தான் தண்ணி குடுப்பாகளா சார்?" என்று கேட்டார்.

"மண்ணப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க."

"எப்ப எடுப்பாக?"

அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பார்த்து, வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். காலையில் எடுக்கும் என்றார். "அன்னிக்கு மேகம் இருக்கக் கூடாது. அதுக்கு மட்டும் வேண்டிக்கங்க."

"சரியாப் போச்சு" என்றார் டீக்கடைக்காரர். "ரெண்டு வருசமா மழைக்கு வேண்டி வேண்டி வாய் வலிச்சுப் போச்சு. இனிமே மேகம் வேணாம்னு வேண்டணுமாக்கும்."

அன்று அதிகாரி சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. அவர்கள் கேட்டார்கள், அவர் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கணவாய்க்கு அப்பால் என் கரிசல் மாதிரியில் நின்றிருந்தேன். படம் எடுக்கும் நேரத்தில் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்று பார்த்து எழுத வேண்டும். ஈரமே இல்லை. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நல்ல படம் விழும் என்று சந்தோஷப்பட்டேன்.

படத்தின் எண்கள் காந்த நாடாவில் வந்து, நகரத்துக் கணினி மையத்துக்குப் போய், அங்கே முறை வருவதற்குக் காத்திருந்து, அச்சாகி எங்களுக்கு வந்தபோது ஆவணி ஆகிவிட்டது. அகலமான மடிப்புத் தாள், இரு ஓரமும் துளைகள். வரைபடம் என்று சொன்னாலும் கோடு கிடையாது, வெறும் குறிகள். செம்மண்ணுக்குப் புள்ளி, வண்டலுக்குக் கூட்டல் குறி, கரிசலுக்கு நட்சத்திரம். ஒரு குறி ஓர் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். தாள்களைத் தரையில் விரித்து ஒன்றோடொன்று ஒட்டி, மூலைகளில் மண் பைகளை வைத்தோம். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாக மண்டியிட்டார்.

கம்பம் பக்கம் முழுவதும் சரியாக இருந்தது. ஆற்றோரம் கூட்டல் குறிகள் வளைந்து வளைந்து போயின. மலையடிவாரத்தில் புள்ளிகள். நான் நடந்தே பார்த்த பூமியை நடக்காமலே ஒன்று இப்படிப் பார்த்திருக்கிறதே என்று எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு கிழக்கே வந்தேன். வைகை அணையின் நீர் விளிம்பிலிருந்து எண்ணி, சாலை வளைவைப் பிடித்து, அக்காவின் ஊருக்கு வந்தேன்.

புள்ளிகளுக்கு நடுவில் நட்சத்திரங்கள் கூட்டமாக இருந்தன. வரிசையைத் தவறவிட்டேனோ என்று மறுபடி அணையிலிருந்து எண்ணினேன். அதே இடம். அக்காவின் காட்டுக்கு மூன்று நட்சத்திரங்கள். ஓரத்தில் நாலாவது ஒன்று, அதில் பாதி பக்கத்துக் காட்டுக்காரருடையது.

அதிகாரி என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தார். "பாத்தீங்களா சார், கரிசல் திட்டு! குழி வெட்டிக்கிட்டு இருந்தா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அங்க கரிசல் கிடையாது சார். இது எங்க அக்கா காடு" என்றேன்.

நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், மதுரையில் பொறியாளர்கள் கூடி ஒரு விதி செய்திருந்தார்கள். கரிசலுக்குக் கால்வாய்த் தண்ணீர் விட்டால் கீழே இறங்காமல் தேங்கும், சில வருடங்களில் உவர் பூத்து நிலம் கெடும். ஆகவே கரிசல் ஊர்களை விட்டுவிட வேண்டும். செம்மண் ஊர்களுக்கு மட்டும் தண்ணீர். விதியிலும் தவறில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதன்படி, தரையில் கிடந்த அந்தத் தாளில் அக்காவின் ஊருக்குத் தண்ணீர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மச்சான் கூட வந்து குழி வெட்டினார். மேலே இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்பு. அதற்குக் கீழே கத்தியால் கிழித்தது போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நான் சிறுவயது முதல் பார்த்த அதே செம்மண், சரளை, சுக்கான்.

"கரம்பையா மச்சான் இது?"

"பின்ன?" என்றார் அவர், பெருமையாக.

கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த கறுப்புக் களிமண்ணை வெட்டி வண்டியில் ஏற்றிவந்து காட்டில் பரப்புவார்கள். கரம்பை அடிப்பது என்பார்கள். செம்மண் அதை வாங்கிக்கொண்டு கொஞ்சம் ஈரம் பிடிக்கும், கொஞ்சம் விளையும். எல்லா வருடமும் நடப்பதுதான். வண்டி மாடு உள்ளவர்கள் முடிந்த அளவு கொண்டுவருவார்கள், இல்லாதவர்கள் கூடையில் சுமப்பார்கள். காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்பு தெரியும், அவ்வளவுதான். ஒரு காடு முழுவதும் இடைவெளியே இல்லாமல் கரம்பை கிடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நீங்க போட்டோ புடிக்கிற நாளச் சொல்லிட்டுப் போனீகள்ல, அன்னைக்கே ஊருல உக்காந்து பேசிட்டோம்" என்றார் மச்சான். "பொண்ணு பாக்க வாறாகன்னா பவுடர் போடுறதில்லையா மாப்ள? நம்ம காட்டுக்குக் கறுப்புப் பவுடர். கண்மாயும் இப்பிடி வறண்டு நான் பாத்ததில்ல, நடுக் கண்மாய் வரைக்கும் வெட்டியாச்சு. பக்கத்து ஊருல வண்டி கேட்டு வாங்கினோம். வண்டி போக முடியாத மூலைக்கெல்லாம் உங்க அக்கா கூடையில அள்ளியாந்து கொட்டுச்சு. ஒரு கை செம்மண்ணு மேல தெரியக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம்."

அக்கா நீராகாரத் தூக்கோடு வரப்பில் வந்து நின்றாள். "செவ்வாக்கெழம காலையில ஊரே மேல பாத்துக்கிட்டு நின்னோம்லே. ஒண்ணையும் காணோம். ஒரு பருந்து மட்டும் சுத்துச்சு."

"அதுதான் போட்டோ புடிச்சதுன்னு உங்க அக்கா கும்பிட்டுருச்சு" என்றார் மச்சான்.

"சும்மா இருங்க. எல்லாரும் கும்பிட்டாக, நானும் கும்பிட்டேன்."

நான் குழிக்குள் நின்றிருந்தேன். அவர்களுடைய கால்கள் என் முகத்துக்கு நேராக இருந்தன. அக்காவின் குதிகால் வெடிப்புகளில் கரம்பை அப்பியிருந்தது. என்ன நடந்தது என்று அப்போது அவர்களிடம் சொல்லவில்லை. இவ்வளவு தெளிவாகக் குழியில் தெரிகிற ஒன்றைத் திருத்துவது கடினமாக இருக்காது, திருத்திவிட்டே சொல்லலாம் என்று நம்பினேன். குழியை மூடப் போனபோது மச்சான் தடுத்தார். "மூட வேணாம் மாப்ள. ஆபீசருமாரு யாராச்சும் வந்தா காட்டலாம்ல."

மேலும் இரண்டு காடுகளில் வெட்டிப் பார்த்தேன். இரண்டிலும் அதே கோடு.

அதிகாரி நான் சொன்னதை உடனே நம்பினார். அவருக்கு வருத்தமும் இருந்தது. "சார், இது கம்ப்யூட்டர் தப்பு இல்ல. அது மேல இருக்குற தோலத்தான் பாக்கும். கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் கரிசலும் உங்க அக்கா காட்டுக் கரம்பையும் நாலு எண்ணுலயும் ஒண்ணா இருக்கு. நான் எத்தன தடவ ஓட்டினாலும் நட்சத்திரம்தான் வரும்" என்றார். வேறொரு நாளின் படத்தைக் கேட்டு எழுதினார். புரட்டாசியில் எடுத்தது கிடைத்தது. அந்த வருடம் பார்த்து மழை விழுந்திருந்தது, ஊரெல்லாம் சோளம் முளைத்திருந்தது. பயிர் மூடிய இடத்தில் மண் தெரியாது. ஐப்பசிப் படம் முழுவதும் மேகம், பஞ்சுப் பொதி அவிழ்த்துக் கொட்டியது போல. பயிர் இல்லாத, மேகம் இல்லாத காலம் கோடை ஒன்றுதான். கோடையில் அவர்கள் கரம்பை அடிப்பார்கள்.

மதுரையில் கூட்டம் வைத்தார்கள். நான் அக்காவின் காட்டுக் குழியில் மண்ணை அடுக்குக் கலையாமல் ஒரு நீள மரப்பெட்டியில் வெட்டி எடுத்துப் போனேன். மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் கோடு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன், குலுக்கலில் கலந்துவிடக் கூடாது என்று. பக்கத்தில் இருந்தவர் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். மண் என்றேன். பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்ட அறையின் சுவரில் எங்கள் வரைபடம் தொங்கியது. நட்சத்திரங்களையும் புள்ளிகளையும் இப்போது வண்ணமாக்கியிருந்தார்கள், அழகாக இருந்தது. பெட்டியை மேசையில் வைத்துத் திறந்து, கரம்பை என்றால் என்ன என்று விளக்கினேன். மூத்த பொறியாளர் எழுந்துவந்து பெட்டிக்குள் பார்த்தார். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டார். நேர்மையான மனிதர் என்றுதான் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன்.

"இது யாரு நெலம்?"

"என் அக்கா நிலம் சார்."

யாரோ சிரித்தார்கள். "அக்காவுக்குத் தண்ணி வேணும்ல, தம்பி பெட்டியோட வந்துட்டாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எங்கள் அதிகாரி எழுந்து, வேறு காடுகளிலும் குழி வெட்டிப் பார்த்திருக்கிறோம், பொறியாளரே நேரில் வந்தால் காட்டுகிறோம் என்றார். பொறியாளர் அவரை உட்காரச் சொன்னார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். "ஆனா ஒரு ஊரச் சேத்தா ஒரு ஊர எடுக்கணும். இருக்குற தண்ணி அவ்வளவுதான். கால்வாய்க்குக் கோடு போட்டு மேல அனுப்பியாச்சு. எந்த ஊர எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

நான் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். அதில் இருந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் நான் போயிருக்கிறேன், தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். பொறியாளர் அடுத்த விஷயத்துக்குப் போனார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அந்த வாரமே அக்காவிடம் சொல்லப் போனேன். வாசலில் உட்கார்ந்து சோளக் கதிரை அடித்துக்கொண்டிருந்தாள். முளைத்த சோளம், மேகம் கூடியும் மேற்கொண்டு மழை பெய்யாமல் பாதியில் நின்றிருந்தது, மணி பிடிக்காத பொக்குதான் அதிகம்.

"நம்ம ஊரு இல்லையாக்கும்?" என்றாள், நான் வாய் திறப்பதற்கு முன்.

"இல்லக்கா."

"போட்டோவுல காடு சரியா விழலையோ? அந்த மேல மூலைக்கு இன்னும் நாலு கூடை போட்டிருக்கணும். எனக்கு அன்னைக்கே தோணுச்சு."

அதைக் கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரம்பையால்தான் போயிற்று என்றேன். கறுப்பாகத் தெரிந்ததால் கரிசல் என்று எடுத்துக்கொண்டார்கள், கரிசலுக்குக் கால்வாய் கிடையாது என்றேன். மச்சான் தொழுவத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கத் தொடங்கி, நிறுத்திவிட்டு, மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அக்கா கையிலிருந்த கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அடிக்காம விட்டிருக்கணுமாலே?"

"ஆமாக்கா."

"அடிக்காம விட்டா அதுல என்ன வெளையும்?"

"ஒண்ணும் வெளையாது."

"அடிச்சா தண்ணி வராது."

"வராது."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கதிரை அடிக்கத் தொடங்கினாள்.

மாடுகளைச் சந்தையில் விற்றார்கள். வண்டியைப் பக்கத்து ஊர்க்காரர் ஓட்டிப் போனார். தை முடிந்ததும் தோட்டத்துக்குப் புறப்பட்டார்கள். தேனியில் இறங்கி எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, போடிக்குப் போய், அங்கிருந்து மலையேறும் ஜீப். நானும் போடி வரை போனேன். ஜீப்புக்குள் ஏற்கனவே ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் பின்னால் தொற்றிக்கொண்டார். அக்கா ஒரு பழைய கம்பளியை மடித்து மடியில் வைத்திருந்தாள். என் மனைவி கொடுத்தது.

"அட்டைக்கு இப்பவும் பொகையிலயும் சுண்ணாம்புந்தானா?" என்று பக்கத்திலிருந்த பெண்ணைக் கேட்டாள்.

"அதேதான் மதினி. அட்ட மாறுமா?" என்றாள் அந்தப் பெண்.

ஜீப் கிளம்பிவிட்டது.

கால்வாய் வெட்டினார்கள். அக்காவின் ஊருக்கு வடக்கே, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் திரும்பிப் போயிற்று. எங்கள் அதிகாரிக்கு மாற்றல் வந்தது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சில வருடங்கள் கழித்து இன்னும் நுணுக்கமாகப் படம் எடுக்கும் செயற்கைக்கோள் வந்தது. பழைய வரைபடத்தைத் திருத்தச் சொல்லி ஆணை வந்தது. கோடைப் படம்தான். கணினிக்கு என்னுடைய அதே மாதிரி இடங்களைக் கொடுத்தார்கள். இந்த முறை குறிகள் இல்லை, வண்ணத்திலேயே வந்தது, செம்மண்ணுக்குச் சிவப்பு.

அக்காவின் ஊர் முழுவதும் சிவப்பு.

நேரில் போய்ச் சரிபார்ப்பது என் பொறுப்பு. போனேன். ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. டீக்கடை இல்லை. கண்மாயில் யாரும் கரம்பை வெட்டிய அடையாளம் இல்லை. வண்டி இல்லாமல் யார் வெட்டுவது? காட்டில் அடித்திருந்த கரம்பையை இரண்டு மூன்று பருவத்து மழையும் காற்றும் வழித்துப் போயிருந்தன. மச்சான் மூட வேண்டாம் என்ற குழி மூடப்படாமலே இருந்தது. ஒரு பக்கம் சரிந்து, அடியில் காய்ந்த முள் கிடந்தது. யாரும் அதைப் பார்க்க வந்திருக்கவில்லை. இறங்கி, சுவரைக் கத்தியால் சீவினேன். விளிம்பிலிருந்தே செம்மண். கறுப்பும் இல்லை, கோடும் இல்லை.

மேலேறி, கையைத் துடைத்துக்கொண்டு, வரைபடத்தில் அந்த இடத்துக்கு நேராகப் பென்சிலால் குறித்தேன். சரியாக உள்ளது.